அண்ணனுக்கு எச்.ஐ.வி.: வீட்டில் எத்தனை பேருக்குத் தெரிய வேண்டும்?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம், வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருப்பது ஆறு மாதத்துக்கு முன் தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டு வருகிறார். உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். சமூக ஆதரவு இருந்தால் எச்.ஐ.வி. உள்ளவர்கள் நீண்ட நாள் நன்றாக இருப்பார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறீர்கள். அது உண்மை என்றால் அம்மா, சித்தப்பா, அத்தை எல்லோரிடமும் நானே சொல்லிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ஆதரவு உதவுமா என்பது ஒன்று. ஆதரவு என்றால் நிறையப் பேருக்குத் தெரிவதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை. நான் 2006 முதல் பதினாறு வருடம் ஆலோசகராக வேலை பார்த்தவள். முதல் மூன்று வருடம் மலைக்குக் கீழே ஒரு நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற அரசு மையம்), மீதி நீலகிரியில். டாக்டர் இல்லை. மருந்தை மாற்றச் சொல்லவோ நிறுத்தச் சொல்லவோ எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதைத்தான் பதினாறு வருடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சந்தேகத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவரைக் காப்பாற்றுவது மாத்திரை, பாசம் இல்லை. கேட்கக் கொஞ்சம் கடுமையாக இருக்கும். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தபோது கொடுப்பதற்கு மருந்தே இல்லை. எவ்வளவு பாசமான குடும்பமாக இருந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. 2004 ஏப்ரல் 1ஆம் தேதிதான் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி அப்படித் தொடங்கிய இடங்களில் ஒன்று. இந்த மலையிலிருந்து அதற்காகத் தாம்பரம் வரை ரயிலேறிப் போனவர்களை எனக்குத் தெரியும். அன்றைய மருந்து இரண்டு வேளை. ஸ்டாவுடின் சாப்பிட்டவர்களுக்குக் கன்னம் ஒட்டிப்போகும், முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும். எபவிரென்ஸ் சாப்பிட்டால் ராத்திரி தலை சுற்றும், கன்னாபின்னாவென்று கனவு வரும். இன்றைக்கு உங்கள் அண்ணன் சாப்பிடுவது அநேகமாக டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. அதை விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கிய நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்று போவதில்லை. 2016இலும் 2019இலும் வெளியான பார்ட்னர் ஆய்வுகளில் ஆணுறை இல்லாமல் சேர்ந்து வாழ்ந்த நூற்றுக்கணக்கான தம்பதிகளைப் பார்த்தார்கள். துணையிடமிருந்து வந்த தொற்று ஒன்றுகூட இல்லை. தட்டு, டம்ளர், கக்கூஸ், கம்பளி வழியாக எந்தக் காலத்திலும் பரவியதில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். சொல்ல வேண்டித்தான் இருக்கிறது.

அப்படியானால் ஆதரவு எங்கே வருகிறது? ஒரு மாத்திரையை ஒரு நாள் சாப்பிடுவது யாருக்கும் சுலபம். அதையே முப்பது நாற்பது வருடம் சாப்பிட வேண்டும். கல்யாண வீட்டில் பதினைந்து பேர் ஒரே ஹாலில் படுத்திருக்கும்போது, சாவு வீட்டில், சபரிமலைக்குப் போகிற வேனில், மண்சரிந்து குன்னூர் ரோடு அடைபட்ட வாரத்தில் எல்லாம் விடாமல் சாப்பிட வேண்டும். டப்பாவில் முப்பது மாத்திரை இருக்கும், நடந்தால் கலகலவென்று சத்தம் போடும். பஸ்ஸில் அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க உள்ளே பஞ்சு அடைத்து வைத்துக்கொள்வார்கள். லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிடுவார்கள். அடுத்த மாதம் காலி டப்பாவைக் கொண்டுவந்தால் பிசின் மட்டும் பிசுபிசு என்று ஒட்டியிருக்கும். ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறவருக்கு ஒவ்வொரு வேளையும் ஒரு திருட்டு மாதிரி. அதில் சலித்துப்போய்த்தான் மருந்தை விடுகிறார்கள், பக்க விளைவால் விடுகிறவர்கள் இன்றைக்குக் குறைவு. ஆதரவு நோயை நேராகத் தொடுவதில்லை, இந்தச் சலிப்பைக் குறைக்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2010இல் வெளியான ஒரு கென்ய ஆய்வில் 538 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் வாரம் ஒருமுறை செல்போனில் ஒரே ஒரு சொல் அனுப்பினார்கள். 'மாம்போ?' என்று. ஸ்வாஹிலியில் 'எப்படி இருக்கே?' என்று அர்த்தம். மருந்தைப் பற்றி மூச்சே கிடையாது. நன்றாக இருந்தால் ஒரு சொல், பிரச்சினை என்றால் 'ஷிடா'. ஷிடா என்று வந்தாலோ பதிலே வராமல் போனாலோ மையத்திலிருந்து ஆள் கூப்பிட்டுப் பேசுவார். அந்தப் பாதியில் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் 62 சதவீதம், மற்ற பாதியில் 50. வைரஸ் அடங்கியவர்கள் அந்தப் பாதியில் 57 சதவீதம், மற்ற பாதியில் 48. அதே மாதிரி ஒன்றை நம் தென்னிந்தியாவிலும் 631 பேரிடம் செய்து 2014இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இங்கே வாரம் ஒருமுறை தானாக வரும் குரல் அழைப்பு, கூடவே ஒரு படம். வைரஸ் அளவிலும் சரி, மருந்து ஒழுங்கிலும் சரி, வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இரண்டு நாடுகள், இரண்டு விதமான நோயாளிகள், அதனால் நேராகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட முடியாது. ஆனாலும் என் அனுபவம் முழுக்க ஒரு பக்கமாகத்தான் சாய்கிறது. நினைவூட்டினால் மனுஷன் எரிச்சல்படுவான், விசாரித்தால் பேசுவான். பதிலுக்கு யாரோ காத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

இன்னொன்று ஜிம்பாப்வேயில் நடந்தது, 2020இல் வெளியானது. எச்.ஐ.வி. உள்ள 13 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு, அதே தொற்றோடு வாழும் கொஞ்சம் மூத்த இளைஞர்களைத் துணையாகப் போட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, மாதம் ஒருமுறை கூடுவது போன்றவை. 96 வாரம் கழித்துப் பார்த்தபோது வைரஸ் அடங்காதவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து அந்தப் பக்கம் 25 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பக்கம் 36 சதவீதம். இது பெரிய வித்தியாசம். அந்த இளைஞர்கள் சொந்தக்காரர்கள் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இனி சந்தேகத்துக்கு உரிய பகுதி. ஆதரவு இருந்தால் எதிர்ப்புச் சக்தியே ஏறும், மனம் சந்தோஷமாக இருந்தால் வெள்ளணு கூடும் என்று வாட்ஸ்ஆப்பில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு ஒரு வேர் உண்டு. 1999இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு 82 ஆண்களை ஐந்தரை ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து, மன அழுத்தம் அதிகமாகவும் ஆதரவு குறைவாகவும் இருந்தவர்கள் எய்ட்ஸ் நிலைக்குச் சீக்கிரம் போனார்கள் என்று சொன்னது. ஆனால் அது இன்றைய மாத்திரைகள் வருவதற்கு முந்தைய காலத்து ஆட்களைப் பார்த்தது. இன்றைய மருந்தின் பலத்துக்கு முன் அந்த நேரடி விளைவு எவ்வளவு மிஞ்சும் என்பதை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இன்னொரு சிக்கல், எது முந்தியது என்பது. உறவுகள் சூழ இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்புகள் காட்டும். நன்றாக இருப்பதால்தான் உறவுகள் விலகவில்லையோ என்னவோ. மெலிந்து இருமிக்கொண்டு இருப்பவரை விட்டு எல்லோரும் மெதுவாகக் கழன்றுகொள்வதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் 'ஆதரவே பாதி மருந்து' என்கிற வசனத்தை மட்டும் உங்கள் அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது நான் செய்த ஒரு தவறு. 2010 வாக்கில் ஓர் எஸ்டேட் லைனிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். புருஷன் இறந்து ஒரு வருடம். மாமியாரும் ஒரு பிள்ளையும் அவளுமாக ஒரே அறை. அப்போதெல்லாம் மருந்து தொடங்குமுன் வீட்டிலிருந்து யாராவது ஒருவரை அழைத்து வரச் சொல்வது வழக்கம். மாமியாரிடம் சொல்லிவிடு, ஒருத்தருக்காவது தெரிந்தால்தான் நல்லது என்று மூன்று தடவை வற்புறுத்தினேன். எனக்கு அப்போது புத்தகப் படிப்பு புதிது. சொன்னாள். மூன்றாம் மாதம் வந்தபோது டப்பாவில் பதினொரு மாத்திரை மிச்சம். ஏன் என்று கேட்டேன். "திட்டலை மேடம், ஒண்ணும் சொல்லலை. என் டம்ளருக்கு அடியில நெயில் பாலிஷ்ல ஒரு செகப்புப் பொட்டு வச்சிருக்காங்க. மாத்திரைக்கு அதுலதான் தண்ணி குடிக்கணும்" என்றாள். மாமியாரை வரவழைத்து மணிக்கணக்கில் பேசினேன். கிழவி தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுப் போனார், பொட்டு போகவில்லை. அடுத்த வருடம் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள், பனியன் கம்பெனி வேலைக்கு. சிகிச்சையை அங்கே மாற்றுகிற காகிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தீபாவளி கழித்துப் போன் செய்தாள். கூட அறையில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு மட்டும் தெரியுமாம். "அவ எதுவும் கேக்கமாட்டா மேடம். எட்டு மணிக்குத் தண்ணி மோந்து வச்சுருவா."

அதற்குப் பிறகு 'வீட்டில் சொல்லிவிடுங்கள்' என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல ஆசை என்று கேட்பேன். அதற்கு வருகிற பதில் பல தடவை ஆச்சரியமாக இருக்கும். பெண்டாட்டியின் தம்பி, பழைய டீச்சர், கூட வண்டி ஓட்டுகிறவர் என்று வரும். அம்மா என்று வருவது நீங்கள் நினைக்கிற அளவுக்கு அதிகம் இல்லை. அம்மா அழுவார்கள், அந்த அழுகையையும் சேர்த்து நான்தான் சுமக்க வேண்டும் என்பார்கள்.

பெங்களூரில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இடத்தில் உதவும். நேரடியாக ஒதுக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்களைவிட, இன்னொருவர் ஒதுக்கப்பட்ட கதையைக் கேட்டு வைத்திருந்தவர்கள் அதிகம். அந்தக் கதைகளும், ஊர் இப்படித்தான் நினைக்கும் என்கிற எண்ணமும் சேர்ந்து அவர்களை வாய் மூட வைத்தன, வாய் மூடி இருந்ததோ மனச்சோர்வில் கொண்டுவிட்டது. நம் மலையில் இதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். லைன் வீட்டில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். கிராமத்தில் எல்லோரும் ஒன்றுக்குள் ஒன்று. காலை பஸ்ஸில் இறங்கி ஆஸ்பத்திரிக்குள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதைக்கூடப் பார்க்க ஆள் உண்டு. ஊட்டியில் வாங்கக்கூடிய மருந்துக்காக "கீழே ஒரு வேலை இருக்கு" என்று கோயம்புத்தூர் வரை போகிறவர்கள் இருந்தார்கள். ஒரு நாள் கூலி போகும், வயிற்றைப் பிரட்டும், இருந்தும் போவார்கள். அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் போட்ட கணக்கு சரியான கணக்குதான். உங்கள் அத்தைக்குத் தெரிந்தால் எத்தனை நாளில் ஊருக்குத் தெரியும் என்பது உங்களுக்கே தெரியும்.

சட்டமும் உங்கள் கையைக் கட்டுகிறது. 2017இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, நம்பிக்கையின் பேரில் ஒருவர் சொன்ன அவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் விவரம் புரிந்து சம்மதிக்காமல் வேறு யாரிடமும் வெளியிடக் கூடாது. தம்பி என்பதால் அதில் விலக்கு கிடையாது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்பதும் எடுபடாது. ஒன்றே ஒன்று விஷயத்தை மாற்றும். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகியிருந்தால் அண்ணிக்குத் தெரிந்தாக வேண்டும், அவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது அவருடைய உடம்பு. அதையும் நீங்கள் போட்டு உடைக்கக் கூடாது. அண்ணன் சொல்லத் தயங்கினால் ஆலோசகர் முன்னால் இருவரையும் உட்கார வைத்துச் சொல்ல முடியும், அதற்கு வழிமுறை இருக்கிறது. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் இதேதான். மறைத்துத் தாலி கட்டினால் பின்னால் எந்த ஆதரவும் கைகொடுக்காது.

ஆதரவு என்ற பெயரில் வருகிற கெடுதல்களையும் சொல்லியாக வேண்டும். மலிவானது காவல் காப்பது. தினமும் "மாத்திரை போட்டியா?" என்று கேட்பது, டப்பாவை எண்ணிப் பார்ப்பது. ஒரு மாதம் பொறுத்துக்கொள்வார், அப்புறம் போட்டேன் என்று பொய் சொல்லப் பழகிவிடுவார். ஆபத்தானது, முழுசாகக் குணமாக்கிக் காட்டுகிறேன் என்கிற வைத்தியரிடம் பாசமாக அழைத்துப்போவது. மாத்திரையை நிறுத்திவிட்டு லேகியம் சாப்பிட்டு, டி.பி.யோடு திரும்பி வந்தவர்களை நான் கணக்கு வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டேன். உடம்பு தேறட்டும் என்று அம்மாக்கள் வாங்கித் தரும் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற மருந்தும்கூட டோலுடெக்ராவிரை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்றில்லை, எத்தனை மணி இடைவெளி என்று மருந்து தருகிற மையத்தில் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்.

உண்மையில் உதவியவை எல்லாம் சின்னச் சின்ன, வாயைத் திறக்காத உதவிகள். 2020 ஊரடங்கில் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கிளம்பினோம். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். ஆஸ்பத்திரி ஆள் வந்தால் பக்கத்து வீடு கேட்கும். கடைசியில் கேரட் வாங்குகிற பையில் போட்டு பஸ் ஸ்டாப்பில் கைமாற்றினோம். பந்தலூர் பக்கம் இரண்டு பேர், மையத்து வரிசையில் அறிமுகமானவர்கள், ஒருவர் வர முடியாத மாதம் மற்றவர் சொல்லி வாங்கிப் போவார். யானை ரோட்டில் நிற்கிற ஊரில் அது எவ்வளவு பெரிய உதவி என்று கீழே இருப்பவர்களுக்குப் புரியாது. இந்த மாதிரி, அதே நிலையில் இருக்கிற ஒருவரின் அறிமுகம்தான் நான் பார்த்தவற்றில் எல்லாவற்றையும்விட வேகமாக வேலை செய்வது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி 1998இல் எச்.ஐ.வி. உள்ள பெண்களைச் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கியதும் இந்தத் தேவையில்தான். உங்கள் அண்ணன் முகம் காட்டத் தயங்கினால் 1097க்குக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, பெயர் சொல்லத் தேவையில்லை, தமிழில் பேசலாம்.

ஆகவே அம்மாவிடம் சொல்வதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஆறு மாதம் ஆகிவிட்டது என்பதால் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கிற வைரல் லோடு பரிசோதனைக்கு நேரம் வந்திருக்கும். அந்த முடிவு நல்லபடியாக வந்த பிறகு சொல்கிற பேச்சுக்கும் அதற்கு முன்னால் சொல்கிற பேச்சுக்கும் வித்தியாசம் இருக்கிறது. "எனக்கு இப்படி இருக்கு, மருந்து கேட்குது, ரத்தத்துல இப்ப கண்டுபிடிக்க முடியலை" என்று அவரே தன் வாயால் சொன்னால் அம்மாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கிளை கிடைக்கும். சொல்வதா, யாரிடம், எப்போது என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்கள் வாரம் ஒருமுறை எப்படி இருக்கே என்று மட்டும் கேளுங்கள். சும்மா இருக்கேன் என்றால் விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலோ, சாயங்காலம் காய்ச்சல் அடித்தாலோ, தூங்காமல் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலோ மட்டும் விடாதீர்கள், மையத்துக்குக் கூட்டிப் போங்கள். மனச்சோர்வுக்கும் அங்கே வழி சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்து மருந்து வாங்க எந்தத் தேதி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து அதிகம் வருகிற மாதங்களில்தான் அந்தத் தேதி தவறும், இது நான் பதிவேட்டில் வருடா வருடம் பார்த்தது. அன்றைக்குப் பறிக்கிற ஆட்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் எடை போடுகிற இடத்துக்கும் நீங்களே போங்கள். அண்ணன் எங்கே என்று ஏஜெண்ட் கேட்டால், கீழே போயிருக்கார் என்று சொல்லுங்கள்.